முப்பத்தொரு சீட்டு

அந்த வருஷம் சுதந்திர தினத்தன்று, ஊரில் நல்லபடியாகத் தொழில் செய்கிற ஒருவரையும், ஊருக்கு நல்லது செய்கிற ஒருவரையும் மேடையேற்றிக் கேடயம் கொடுப்பதென்று வரகூர்பேட்டைப் பேரூராட்சி தீர்மானம் போட்டது. அது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் பாலாற்றை ஒட்டிக் கிடக்கிற ஊர் அது. ஆண்களில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோலோடு மல்லுக்கட்டினார்கள். பெண்களில் பாதிப் பேர் விடியும்போதே கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்கப் போனார்கள். யாருக்கும் யாரும் கைதட்டி அந்த ஊர் பார்த்ததில்லை.

சேர்மன் அப்துல் சமத் பாய்தான் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். "வரி கேக்கறதுக்கு மட்டும் நம்ம ஆபீஸ்லேர்ந்து ஆள் போவுது. ஒரு தபா சபாஷ் சொல்றதுக்கும் போவட்டுமே" என்றார். மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு. சேர்மன் ஒருவர். ஒன்பதாவது வார்டில் இரும்புக் கடை வைத்திருக்கும் கோதண்டபாணி இன்னொருவர். மூன்றாவது ஆள், நாலாவது வார்டு கவுன்சிலர் ஞானசுந்தரி.

தன் பெயரைப் படித்தபோது ஞானசுந்தரிக்கு உடம்பே லேசாகிவிட்டது. மூன்று வருஷமாகக் கவுன்சிலர். சாக்கடை அடைத்துக்கொண்டது, விளக்கு எரியவில்லை, சர்டிபிகேட்டுக்குக் கையெழுத்து வேண்டும், இதற்குத்தான் ஜனங்கள் வந்தார்கள். இது அப்படியில்லை. இன்னாருக்குக் கொடு என்று சொல்லுகிற இடம். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். இன்பசேகரன் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணும்போது, "எங்கள் குடும்பத்துக்கு நீர் தந்த மேன்மைக்காக ஸ்தோத்திரம்" என்று ஒரு வரி கூடச் சேர்த்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று, ஆபீஸ் வாசலில் ஒன்று என்று மூன்று தகரப் பெட்டிகள் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பேரை எழுதிப் போடலாம். ஜூலைக் கடைசியில், ஆடிக்காற்று மண்ணை வாரி ஆபீஸ் ஜன்னலில் இறைத்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, பெட்டிகளைத் திறந்து சீட்டுகளை மேசைமேல் கொட்டினார்கள். செயல் அலுவலர் பிரித்துப் படித்தார். ஞானசுந்தரி பேர் வாரியாக அடுக்கினாள்.

பிரியாணிக் கடைக்காரருக்குப் பதினாலு. சாவு வீட்டுக்குக் காசு வாங்காமல் மினி லாரி அனுப்புகிறவருக்குப் பதினொன்று. பேரன் பேரை எழுதிப் போட்ட கிழவர் ஒருவர். அப்புறம் "வள்ளியம்மா, மேட்டுத் தெரு" என்று ஒரு சீட்டு. அடுத்ததும் வள்ளியம்மா. அதற்கடுத்ததும். சில சீட்டுகளில் எழுத்தே ஒழுங்காக இல்லை. கம்பெனி டோக்கனின் பின்பக்கத்தில், ஷூ ஒட்டுகிற சொல்யூஷனின் பிசுபிசுப்போடு இருந்தன. அடுக்கு ஏறிக்கொண்டே போயிற்று.

"அடேங்கப்பா! நாலாவது வார்டாச்சே. உங்க வார்டும்மா" என்றார் சேர்மன் சந்தோஷமாக.

ஞானசுந்தரி சிரித்து வைத்தாள். அடுத்த சீட்டை அவளே எடுத்துப் பிரித்தாள். கோடு போட்ட நோட்டுத் தாள். சாய்வில்லாத, உருண்டை உருண்டையான எழுத்து. அந்த எழுத்தை அவள் எங்கே கண்டாலும் கண்டுபிடிப்பாள். வேலூரில் நர்சிங் படிக்கிற அவள் மகள் கெசியாவின் எழுத்து. போன மாதம் லீவுக்கு வந்தபோது போட்டிருக்க வேண்டும்.

'வள்ளியம்மாள். என்னை வளர்த்தவர்கள். இந்தத் தெருவில் பாதிப் பேரை வளர்த்தவர்கள்.'

மொத்தம் முப்பத்தொரு சீட்டு.

வள்ளியம்மாள் செய்தது இதுதான். மேட்டுத் தெருவில் அவள் வீட்டை ஒட்டி ஒரு கீத்துக் கொட்டகை. கம்பெனிக்குப் போகிற பெண்கள் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். சாயங்காலம் ஆறரைக்கு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். குளிப்பாட்டுவாள், கஞ்சி ஊட்டுவாள், சேலைத் தூளியில் போட்டு ஆட்டுவாள். ஆளாளுக்கு முடிந்ததைக் கொடுப்பார்கள். கொடுக்காதவர்களை அவள் கேட்டதில்லை. பதினெட்டு, இருபது பிள்ளைகள் எப்போதும் இருக்கும்.

முதல் பிள்ளை கெசியா. அவளை வைத்துத்தான் அது ஆரம்பித்தது.

வள்ளியம்மாளும் ஞானசுந்தரியும் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷின். வள்ளியம்மாளின் புருஷன் பெங்களூர் போனவன் திரும்பி வரவேயில்லை. பிள்ளை இல்லை. அவளுக்கு முதுகுவலி வந்து வேலையை விட்டபோது, ஞானசுந்தரிக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். "எங்கிட்ட உட்டுட்டுப் போ சுந்தரி, நான் சும்மாதானே குந்திக்கினு இருக்கறேன்" என்றாள் வள்ளி. ஞானசுந்தரி விட்டாள். பத்தாவது மாதத்தில் ஒரு சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே குழந்தை வள்ளியம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "ம்மா" என்றது. முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னது. தன்னிடம் இல்லை, அவளிடம்.

அன்றைக்கு ராத்திரி ஞானசுந்தரி அழுதது இன்பசேகரனுக்குக்கூடத் தெரியாது. பத்தொன்பது வருஷம் ஆயிற்று. கெசியா லீவுக்கு வந்தால் இன்றும் பஸ் ஸ்டாப்பிலிருந்து நேராக மேட்டுத் தெருவுக்குத்தான் போவாள். வீட்டுக்கு வரும்போது அவள் தலையில் வள்ளியம்மாள் வைத்துவிட்ட பூ இருக்கும். வயிறும் நிறைந்திருக்கும். ஞானசுந்தரி காலையிலிருந்து ஆக்கி வைத்தது அப்படியே இருக்கும்.

வார்டிலும் அதே கதைதான். எந்தத் தகராறு என்றாலும் முதலில் வள்ளியம்மாளிடம் போவார்கள். அவள் கேட்டுவிட்டு, "போய்க் கவுன்சிலரக்கா கிட்ட கையெழுத்து வாங்கிக்கோ" என்று அனுப்புவாள். அவள் அனுப்பித்தான் தன் வாசலுக்கு ஜனம் வருகிறது என்று நினைக்க நினைக்க ஞானசுந்தரிக்கு எரியும்.

"அப்போ சமூகப் பணி விருது வள்ளியம்மாவுக்குத்தான். இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. இன்னா கோதண்டபாணி?" என்றார் சேர்மன்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல பாய்."

ஞானசுந்தரி கெசியாவின் சீட்டை அடுக்கின் அடியில் செருகினாள். தான் என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாய் திறந்தபோது வார்த்தை தயாராக இருந்தது.

"அவங்களுக்கு லைசென்ஸ் இருக்குதா?"

"இன்னா லைசென்ஸும்மா? புள்ளைங்கள பாத்துக்கறதுக்கா?"

"பாய், கும்பகோணத்துல ஸ்கூல் எரிஞ்சி இன்னும் பதினஞ்சு நாள்கூட ஆவல. ஊர் ஊருக்குக் கீத்தப் பிரிக்கச் சொல்லி ஆர்டர் வந்துக்கினு இருக்குது. அங்க இருக்கறது கீத்துக் கொட்டகை. அதுக்குள்ளயே அடுப்பு. நாம கூப்பிட்டுக் கேடயம் குடுத்து போட்டோ எடுத்துக்குவோம். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா பேப்பர்காரன் நம்மளத்தான் எழுதுவான்."

அந்த மாதத்தில் அந்தத் தீயைப் பற்றிப் பேசினாலே யாருக்கும் பேச்சு வராது. பேப்பரில் வந்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்து சேர்மன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று ஊருக்கே தெரியும்.

செயல் அலுவலர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "இல்ல சார். எந்தப் பதிவும் இல்ல. இவ்வளவு நாளா யாரும் கேக்கல, நானும் பாக்கல. இப்ப மேடம் மீட்டிங்ல சொல்லிட்டாங்க. நான் நோட்டீஸ் குடுத்துத்தான் ஆவணும்."

"நோட்டீஸா?" ஞானசுந்தரி திடுக்கிட்டாள். "விருது வேணாம்னுதான் சொன்னேன்..."

"தெரிஞ்சும் சும்மா இருந்தா என் வேல போய்டும் மேடம்."

ஞானசுந்தரி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். இன்பசேகரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நீ சொன்னது சரிதான் சுந்தரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "போன வாரம் இதச் சொல்லியிருந்தா இன்னும் சரியா இருந்திருக்கும்" என்றார். அவள் அரிசி களையப் போனாள்.

சனிக்கிழமை பொழுது சாய வள்ளியம்மாள் அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவளிடமே வந்தாள். பருமனான உடம்பு, வேர்த்துப்போன ரவிக்கை, தோளில் ஏதோ குழந்தை கக்கின பால் கறை.

"சுந்தரி, இத்த கொஞ்சம் படிச்சிச் சொல்லு. என் கண்ணாடிய ஒரு வாலு ஒடச்சிட்டுது."

ஞானசுந்தரி வாங்கிப் படித்தாள். "கொட்டகையில புள்ளைங்கள வெச்சிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. திங்கக்கிழமலேர்ந்து."

"திங்கக்கிழமயா? நாளன்னிக்கா? எங்க கொண்டுபோறது அதுங்கள?"

"மேலேர்ந்து ஆர்டர் வள்ளி. கும்பகோணம்..."

"அது சரி. அது கேட்ட நாளா எனக்கே தூக்கம் இல்ல. அடுப்ப வெளியில வெச்சிட்டேன், மழ வந்தா இன்னா பண்றதுன்னு தெரியல. கீத்தப் பிரிச்சிட்டு ஷீட்டு போடணும்னா கொஞ்சம் டைம் குடுக்க மாட்டாங்களா? நீ ஆபீஸ்ல சொன்னா கேப்பாங்க இல்ல?"

"எங்க கேக்கறாங்க... நான் ஒருத்தி சொல்லி இன்னா ஆவப்போவுது?"

வள்ளியம்மாள் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "நீயும் பாவம், இன்னா பண்ணுவ" என்றாள். நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "கெசியா போன் பண்ணிச்சா? இருமல் இருக்குதுன்னு சொல்லிச்சே, கொறஞ்சிட்டுதா?"

மகளுக்கு இருமல் என்பது ஞானசுந்தரிக்குத் தெரியாது. "கொறஞ்சிட்டுது" என்றாள்.

திங்கள்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வாசல் கதவைத் தட்டினார்கள். திறந்தால், தெருவிளக்கு வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து பெண்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு பிள்ளை, கையில் ஒரு டிபன் பாக்ஸ்.

முன்னால் நின்றவள் மேட்டுத் தெரு சௌமியா. இடுப்பில் ஒன்றரை வயசுப் பையன். "கவுன்சிலரக்கா, வள்ளிக்கா கொட்டகையில உடக்கூடாதாமே. ஆறேகாலுக்கு பஸ்ஸு. ஷிப்மெண்ட் டைம்க்கா. இன்னிக்கு லீவு போட்டா லைன்லேர்ந்தே தூக்கிடுவாங்க."

"அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

"வள்ளிக்காதான் அனுப்பிச்சிது. கவுன்சிலர் வூடு மெத்த வூடு, கீத்து இல்ல, காத்தும் நல்லா வரும், அங்க உடுங்கன்னுச்சு."

அவள் பின்னாலிருந்து ஜஹீதா பர்தாவை ஒதுக்கிக்கொண்டு ஒன்பது மாதப் பெண்குழந்தையை நீட்டினாள். "நாங்க வேற எங்கக்கா போவோம்? ஓட்டுப் போட்டது உங்களுக்குத்தானே."

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. பஸ் ஹாரன் அடித்தது. பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகப் பிள்ளைகளைக் கூடத்தில் இறக்கினார்கள். "இது சுடுதண்ணிதான் குடிக்கும்." "இவனுக்குக் கஞ்சியில உப்பு கம்மியா போடுங்கக்கா." "இது எறும்பப் பாத்தா எடுத்து வாயில போட்டுக்கும்." ஓடினார்கள். இன்பசேகரன் தோளில் துண்டோடு நின்று எண்ணிப் பார்த்தார். பதினாலு.

எட்டு மணிக்கு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை ஞானசுந்தரி சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை. ஒன்று அழுதால் பதினாலும் அழுதது. ஒன்றைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொன்று ஈரத்தில் உட்கார்ந்திருந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர், அண்டாவில் பிடித்து வைத்தது அத்தனையும் பத்து மணிக்குள் தீர்ந்தது. கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி ஆற வைத்தாள், ஊட்டினால் துப்பின. ஒரு பையன் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு "வள்ளிம்மா, வள்ளிம்மா" என்று தேம்பினான். அதைக் கேட்டு மற்றவையும் அதையே சொல்ல ஆரம்பித்தன. ஞானசுந்தரி பதினாலு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள். ஒரு மணிக்கு எத்தனை ஜோடி என்று டார்கெட் வைத்துத் தைத்தவள். அந்தக் காலத்தில்கூட இப்படித் திணறியதில்லை.

ஜஹீதாவின் குழந்தை காலையிலிருந்து ஒரு வாய் பால் குடிக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அழுகைக்கே தெம்பில்லாமல் சிணுங்கியது. உடம்பு லேசாகச் சுட்டது. ஞானசுந்தரி பயந்துபோனாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை மேட்டுத் தெருவுக்கு அனுப்பினாள்.

வள்ளியம்மாள் ஐந்து நிமிஷத்தில் வந்தாள். வாசற்படியில் காலை வைத்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டன. ஜஹீதாவின் குழந்தையை வாங்கி, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்தாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தட்டினாள். இரண்டு ஏப்பம் வந்தது. அப்புறம் சங்கடையால் பாலை வாயோரத்தில் ஊற்றினாள். குழந்தை குடித்தது. குடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தது. பத்து நிமிஷத்தில் தலை சாய்ந்துவிட்டது.

ஞானசுந்தரி கதவோரம் நின்று பார்த்தாள். நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லாமலில்லை. ஆனால் அதோடு கூடவே அந்தப் பழைய எரிச்சலும் ஏறியது. எப்படி இவளிடம் மட்டும் எல்லாம் அடங்கிப்போகிறது? இவள் கையில் அப்படி என்னதான் இருக்கிறது?

இன்னும் இரண்டை மடியில் போட்டுக்கொண்டு, குரலை ஏற்றாமல் வள்ளியம்மாள் சொன்னாள்: "கமிட்டியில நீதான் கேட்டியாமே, லைசென்ஸ் இருக்குதான்னு."

ஞானசுந்தரி கதவோரத்திலிருந்து நிமிர்ந்தாள். "யார் சொன்னாங்க?"

"கோதண்டபாணி அண்ணன். நேத்து ஷீட்டு வெல கேக்கப் போனேன். அவருக்கு மனசு கேக்கல, சொல்லிட்டாரு."

"கீத்து ஆபத்துதான வள்ளி? நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு நான் சொன்னனா? ஆபத்துதான். நீ கேட்டது நல்லதுதான். ஆனா எதுக்குக் கேட்டேன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அன்னிக்கு நோட்டீஸ எடுத்துக்கினு உங்கிட்டயே வந்தேன் பாரு, அப்பயாவது சொல்லியிருக்கலாம்."

ஞானசுந்தரி தரையில் உட்கார்ந்தாள். கஞ்சிச் சட்டி பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"கெசியா என்ன மொதமொதலா அம்மான்னு கூப்பிட்டப்போ, நீ வாசல்ல நின்னுக்கினு இருந்த. உன் மூஞ்சிய நான் பாத்தேன்" என்றாள் வள்ளியம்மாள். "அன்னிலேர்ந்து நீ எங்கிட்ட சரியாப் பேசறதில்ல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

"பத்து மாசம் சொமந்து பெத்தவ நானு வள்ளி. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எப்படிக் காத்துக்கினு இருந்தேன் தெரியுமா? அத்த நீ வாங்கிக்கின."

"வாங்கிக்கினனா?" வள்ளியம்மாள் சிரித்தாள். மடியிலிருந்த பிள்ளை அசைந்தது, தட்டிக்கொடுத்தாள். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. பொறாம உனக்கு மட்டுந்தானா? சாயங்காலம் ஆச்சுன்னா எனக்கு அடிச்சிக்கும். பஸ்ஸு வந்துடக் கூடாது, டயர் பஞ்சராயிடணும், ஓவர்டைம் போடணும்னு வேண்டிக்குவேன். கரெக்டா ஆறரைக்கு நீ வந்து நிப்ப. உம்மேல சொல்யூஷன் வாசன அடிக்கும். அந்த வாசன வந்த ஒடனே உன் பொண்ணு எங்கையிலேர்ந்து துள்ளும் பாரு, ஒரு துள்ளு. அதுக்கப்புறம் என்னத் திரும்பிக்கூடப் பாக்காது. நாள் பூரா தூக்கி வெச்சிக்கினு இருந்தவ நானு. பத்தொம்பது வருஷமா தெனம் ஆறரைக்கு இருவது பொம்பளைங்க வந்து என் கையக் காலி பண்ணிட்டுப் போறாங்க. அவங்க மேலல்லாம் நான் எத்தினி பொறாமப் பட்டிருக்கணும்? உனக்காவது ஒருத்தி மேல."

கூடத்தில் பதினாலு பிள்ளைகளும் எப்படியோ தூங்கியிருந்தன. வெளியே ஆடிக்காற்று தோல் ஷாப்பின் நாற்றத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிற்று. ஞானசுந்தரி எழுந்து சோற்றைத் தட்டில் போட்டு, ரசம் ஊற்றி, வள்ளியம்மாள் பக்கத்தில் வைத்தாள்.

"நீ சாப்ட்டியா?"

"இல்ல."

"அப்ப உனக்கும் போட்டுக்கோ. நான் மட்டும் எப்படி?"

இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் கவுன்சிலர் வீட்டிலேயே இருந்தன. வள்ளியம்மாள் காலையில் வந்து சாயங்காலம் போனாள். பத்தாம் தேதி அவசரக் கூட்டம். கடைசி அயிட்டமாக ஞானசுந்தரி எழுந்தாள். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக் கூடத்தின் பின் ஹாலை, கான்கிரீட் கூரை போட்டது, பிள்ளைகள் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றாள்.

"கல்யாணம் காச்சின்னா சமையலுக்கு எங்கம்மா போவாங்க?" என்றார் ஒரு கவுன்சிலர்.

"மாசத்துக்கு ரெண்டு கல்யாணம் நடந்தா ஜாஸ்தி. பஸ்ஸு தெனம் போவுது" என்றாள் ஞானசுந்தரி. "இந்த ஒரு வாரம் நான் பாத்தேன். என்னால ஆவல. நானா சொல்றேன், என்னால ஆவல. அந்தம்மா பத்தொம்பது வருஷமா பண்ணிக்கினு இருக்குது."

சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோதண்டபாணி மேசையைத் தட்டி ஆதரித்தார். தீர்மானம் நிறைவேறியது. லைசென்ஸுக்கு அப்போதே மனு எழுதினார்கள். பொறுப்பாளர்கள் இரண்டு பேர் வேண்டும் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. முதல் கட்டத்தில் வள்ளியம்மாள் பெயரை எழுதிய செயல் அலுவலர், இரண்டாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டார்.

"விருத இப்ப மாத்த முடியாதா பாய்?" என்று கூட்டம் கலையும்போது ஞானசுந்தரி கேட்டாள்.

"அழைப்பிதழ் அடிச்சாச்சும்மா. மினி லாரிக்காரர் பேரு போட்டாச்சு. அவரு ஊர்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டாரு, பாவம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஆகஸ்ட் பதினைந்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து, கொடியேற்றிய மைதானத்தில் பந்தல் போட்டு விழா நடந்தது. கெசியா சனிக்கிழமையே வேலூரிலிருந்து வந்திருந்தாள். பிரியாணிக் கடைக்காரர் கேடயம் வாங்கினார். மினி லாரிக்காரர் வாங்கும்போது கை கூப்பிக்கொண்டு அழுதார். அந்தக் கேடயத்தை எடுத்துக் கொடுத்தது ஞானசுந்தரிதான். மேடையிலிருந்து பார்த்தாள். நாலாவது வரிசையில் வள்ளியம்மாள், மடியில் சௌமியாவின் பையன். பக்கத்தில் அவள் தோளில் சாய்ந்தபடி கெசியா. வள்ளியம்மாள் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள். கெசியா தட்டவில்லை.

விழா முடிந்து பொட்டலம் கொடுக்கிற இடத்தில் கெசியா தாயைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா வள்ளிம்மாவுக்குக் கிடைக்கல? எவ்ளோ பேர் சீட்டுப் போட்டாங்க தெரியுமா? நானே போட்டேன்."

"லைசென்ஸ் இல்லடி" என்று முந்திக்கொண்டாள் வள்ளியம்மாள். "சட்டம் ஒண்ணு இருக்குது இல்ல? அம்மா இன்னா பண்ணுவா? ஹால் வாங்கிக் குடுத்ததே அவதானே."

அதோடு விட்டிருக்கலாம். வழி திறந்துதான் இருந்தது. ஞானசுந்தரி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் தடுத்தேன்" என்றாள்.

"ஏன்?"

"முப்பத்தொரு சீட்டு. அதுல ஒண்ணு உன் எழுத்து. என்னை வளர்த்தவர்கள்னு எழுதியிருந்த. பொறாம கெசியா. வேற ஒண்ணும் இல்ல. லைசென்ஸு, கீத்து எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்."

கெசியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, விறுவிறுவென்று மேட்டுத் தெருப் பக்கம் நடந்தாள். வள்ளியம்மாள், "எதுக்கு இப்ப அந்தப் புள்ளகிட்ட சொன்ன, பைத்தியமே" என்று திட்டிக்கொண்டே அவள் பின்னால் ஓடினாள்.

ஞானசுந்தரியும் இன்பசேகரனும் வீட்டுக்கு வந்தார்கள். கோழிக் குழம்பு ஆக்கினாள். மதியம் போயிற்று. மூன்று மணி, நாலு மணி. அவள் போய்க் கூப்பிடவில்லை. இன்பசேகரன் போகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கெசியா வந்தாள். கண் வீங்கியிருந்தது. நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அங்க சாப்டலியா?" என்றாள் ஞானசுந்தரி.

"வள்ளிம்மா போடல. உங்க அம்மா ஆக்கி வெச்சிருப்பா, போய்ச் சாப்பிடுன்னு தொரத்திடுச்சு."

கெசியா கோபத்தோடுதான் சாப்பிட்டாள். ஆனாலும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். கை கழுவும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கு ஹால்ல மொத நாளாம். புள்ளைங்கள எறக்கறதுக்கு இன்னொரு ஆள் வேணுமாம். உன்ன வரச் சொல்லிச்சு."

"இன்னா சொன்னா?"

"'சுந்தரிக்குப் புள்ளைங்கள தூங்க வெக்கத் தெரியாது. பேரு கூப்பிட்டு நோட்டுல எழுதிக்குவா இல்ல? அதுக்கு வரச் சொல்லு'ன்னுச்சு."

"யாருக்குத் தெரியாது?" ஞானசுந்தரிக்குச் சுரீர் என்று ஏறியது. "ஒரு வாரம் பாத்தேன் இல்ல? அவளுக்கு மட்டும் ஆகாயத்துலேர்ந்தா வந்துச்சு?"

இன்பசேகரன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். கெசியா சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை.

மறுநாள் ஞானசுந்தரி ஐந்து மணிக்கே குளித்துவிட்டாள். ஐந்தரைக்குச் சமுதாயக் கூடத்தின் பின் ஹாலைத் திறந்தது அவள்தான். தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பாயை விரித்தாள். வள்ளியம்மாள் இன்னும் வரவில்லை. வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பஸ் ஸ்டாப் பக்கமிருந்து சௌமியா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவசரமாக வந்தாள். "வள்ளிக்கா இல்லியாக்கா?"

"அவ வருவா. நீ குடு."

கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பையன் அவள் முகத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி, பெரிதாக அழ ஆரம்பித்தான். தெருமுனையில் வள்ளியம்மாள் வருவது தெரிந்தது. கையை நீட்டிக்கொண்டுதான் வந்தாள். ஞானசுந்தரி பிள்ளையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டே, உள்ளே திரும்பி நடந்தாள்.